பிரம்மஸ்தானத்தில் ஓர் ஓட்டை

வீடு கட்டி விற்கிற கம்பெனியில் சுற்றுச்சூழல் அதிகாரியாக இருப்பது, கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் போய் நின்றுகொண்டு "இவ்வளவு எண்ணெய் ஊற்றணுமா?" என்று கேட்கிற வேலை. வெளியே போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நாம் வாயைத் திறந்ததும் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வேறு பக்கம் வேலை வந்துவிடும்.

என் பதவியின் பெயர் விசிட்டிங் கார்டில் இரண்டு வரி பிடிக்கும். அந்தப் பிரிவுக்கு மேலாளர் நான், குமாஸ்தா நான், கோப்பு தூக்குகிறவனும் நானே. உங்களில் பலருக்கும் இப்படி ஒரு வேலை இருக்கும். ஆஸ்பத்திரியில் கை கழுவச் சொல்கிற அதிகாரி, தொழிற்சாலையில் ஹெல்மெட் போடச் சொல்கிற அதிகாரி, பள்ளிக்கூடத்தில் ஒழுங்கு பார்க்கிற ஆசிரியர், இப்படி. நாம் மீட்டிங்குக்குள் நுழைந்ததும் அதுவரை கேட்ட சிரிப்பு நின்றுவிடும். நமக்குள் பேசிக்கொள்ள ஒரு சங்கம்கூட இல்லை. ஆகவே இதை உங்களுக்காக எழுதுகிறேன்.

காய்ந்த வீடு

பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் எங்கள் அலுவலக மாடியில் தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கிள்ளானில் நாங்கள் கட்டப்போகிற அடுக்குமாடிக்குத் தமிழிலும் பேனர் வைக்கலாம் என்று முடிவானபோது, விற்பனைப் பிரிவின் தலைவி சூசன் நேராக என் மேசைக்கு வந்தார். அவர் என் மேசைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் யோசித்து யோசித்து, "பசுமை இல்லங்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். பேனர் அடிக்கிற கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. இல்லம் என்றால் முதியோர் இல்லம் மாதிரி இருக்கிறது என்று அவராகவே முடிவு செய்து, "பச்சை வீடு" என்று மாற்றி, ஆள் உயர எழுத்தில் அச்சடித்துச் சாலையோரத்தில் மாட்டியும் விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பண்டமாரானிலிருந்து லோரி ஓட்டுகிற ஒருவர் மனைவியோடு வந்தார். மாதிரி வீட்டை நானே சுற்றிக் காட்டினேன். மழைத்தண்ணீர் தொட்டி, ஆள் வந்தால் எரிந்து ஆள் போனால் அணைகிற விளக்கு, சூடு இறங்காத கூரை என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் கண் முழுக்கச் சுவர் மேலேயே இருந்தது. உள்ளங்கையை வைத்து ஈரம் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு என்னைத் தனியாக ஓரமாக அழைத்துப் போய், மனம் நோகக்கூடாதே என்ற குரலில் சொன்னார்: "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. பச்சை வீடெல்லாம் நமக்கு ஒத்து வராதுலா. நல்லா காய்ஞ்ச வீடா ஒண்ணு இருந்தா காட்டுங்க."

கை ஆட்டுகிறவன்

எங்கள் அலுவலகத்திலும் ஆள் அசைந்தால் எரிகிற விளக்குகளைப் போட வைத்தவன் நான்தான். அதற்காக நான் எழுதிய அறிக்கைகளை இங்கே சொல்லி உங்களைச் சோதிக்க மாட்டேன். விளக்கு வந்தது. மற்றவர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டும் எழுந்து நடந்துகொண்டும் இருப்பதால் அவர்கள் பக்கம் விளக்கு அணைவதே இல்லை. என் மேசை வரைபடங்கள் அடுக்கும் அறைக்குப் பக்கத்தில், ஒரு மூலையில் இருக்கிறது. நான் அசையாமல் உட்கார்ந்து படிக்கிற ஆள். கொஞ்ச நேரத்தில் விளக்குக்கு நான் இல்லாதவனாகிவிடுவேன். அப்போது தலைக்கு மேல் கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை இது நடக்கும்.

கட்டுமான மேற்பார்வையாளர் அஸ்மான் என் மூலைக்கு எதிரே இருக்கிற கண்ணாடிக் கதவைத் தாண்டித்தான் போவார், வருவார். அவர் என்னைப் பார்த்துப் பதிலுக்குக் கை ஆட்டுவார். நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் கீழே போன பிறகு, கையில் கறிபஃப் பொட்டலத்தோடு உள்ளே வந்து என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தார். கேட்டார். நான் விளக்கைக் காட்டி விஷயத்தைச் சொல்லிச் சிரித்து மழுப்பினேன், அவரும் சிரித்தார், இரண்டு பேரும் கறிபஃப் தின்றோம். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் நெரிசலில் கார் நகராமல் நின்ற நேரமெல்லாம் அவர் கேட்டது காதிலேயே இருந்தது: "பாஸ், யூ லோன்லி கா?"

எந்தப் பக்கம்

சேகர் என் பல்கலைக்கழகக் கூட்டாளி. மலையைக் குடையாதே, காட்டை அழிக்காதே என்று பதாகை பிடிக்கிற கூட்டத்தில் முன்வரிசை ஆள். நானும் ஒரு காலத்தில் அந்தப் பதாகையின் இன்னொரு முனையைப் பிடித்தவன்தான். உள்ளே போய் மாற்றலாம் என்று நான் வேலைக்குச் சேர்ந்தேன், வெளியே நின்று தடுக்கலாம் என்று அவன் இருந்துவிட்டான். அதற்குப் பிறகு நாங்கள் சந்தித்தது கொஞ்சம்தான்.

பந்திங் பக்கம், எண்ணெய் எடுக்கிற பழைய செம்பனைக் காட்டை எங்கள் கம்பெனி வீட்டு மனையாக்கியபோது, நடுவில் ஒரு பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கொக்குகள் வந்துகொண்டிருந்தன. மண்ணைக் கொட்டி மூடாமல் அதைக் குளமாகவே விட வேண்டும் என்று மன்றாடி, சம்மதம் வாங்கினேன். இதைச் சொல்ல எனக்கு ஆள் வேண்டியிருந்தது. சேகரைப் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். அவன் வந்தான், சாப்பிட்டான், கொக்குக் கதை முழுவதையும் கேட்டான். ரசம் ஊற்றிக்கொண்டே இருந்தவன், இலையை மடித்த பிறகுதான் வாயைத் திறந்தான். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் தோளில் கை வைத்து, பாசமாகவே சொன்னான்: "நீ நல்லவன்தான் மச்சான். ஆனா நீ அங்க இல்லாம இருந்திருந்தா, அவங்க கொஞ்சமாச்சும் பயந்திருப்பாங்க."

ஓட்டையைப் பற்றிக் கேட்டவர்

கிள்ளான் அடுக்குமாடியில் பசுமை என்று மனசாட்சியோடு சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் ஸ்டிக்கர். கட்டடத்தின் நட்டநடுவில், தரையிலிருந்து மொட்டைமாடி வரைக்கும், வானம் பார்த்த ஒரு திறப்பு. நம் ஊர் வரிசை வீடுகளில் நடுவே ஏர்வெல் என்று கொஞ்சம் இடம் விட்டிருப்பார்களே, அதையே பெரிதாக்கிய மாதிரி. சூடான காற்று அதன் வழியே மேலேறும். அது ஏற ஏற, வெளிப்பக்க ஜன்னல்களிலிருந்து புதுக்காற்று வீட்டுக்குள் நுழைந்து, காரிடார் வழியாக வரும். பகலில் காரிடாருக்கு விளக்கு வேண்டாம். ஏசி இல்லாமலேயே வீட்டில் இருக்கலாம். இதை வரைபடத்தில் ஏற்றுவதற்கு நான் பிடித்த காலும் கையும் கொஞ்சமல்ல.

விற்பனைக் கூடத்தில் கட்டடத்தின் சின்ன மாதிரி ஒன்று மேசைமேல் இருக்கும். வருகிறவர்கள் நீச்சல் குளத்தைப் பார்ப்பார்கள், கார் நிறுத்தும் இடத்தைப் பார்ப்பார்கள். நடுவில் இருக்கிற ஓட்டைக்குள் விரலை விட்டு "இது என்னத்துக்கு?" என்று கேட்ட ஒரே ஆள் மிஸஸ் நவரத்தினம். அரசாங்க ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்து வழி. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகளும் வெளிநாட்டில். பிரிக்ஃபீல்ட்ஸில் பல வருஷமாக வாடகைக்கு இருந்த வீட்டை இடித்துவிட்டு யாரோ மாடி கட்டப் போகிறார்கள். அங்கேயும் எங்களைப் போல ஒரு டெவலப்பர்தான்.

என்னை இரண்டு தடவை விளக்கச் சொன்னார். புதிதாக வந்த டாக்டரிடம் மேட்ரன் கேட்கிற தோரணையில், நடு நடுவே குறுக்குக் கேள்வி போட்டார். எந்தப் பக்க ஜன்னலைத் திறக்க வேண்டும், மழைக்காலத்தில் என்ன ஆகும், பக்கத்து வீட்டுக்காரர் மூடி வைத்தால் என்ன ஆகும். நான் வியர்த்துப் போனேன். அதே சமயம், எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒருவர் என் வேலையைப் பற்றி என்னிடம் கேட்கிறார் என்ற சந்தோஷம் தாங்கவில்லை. கடைசியில் கைப்பையை மூடிக்கொண்டு சொன்னார்: "தம்பி, ஏசி போட்டால் எனக்கு இழுப்பு வரும். காத்து வரும் எண்டு நீங்கள் சொல்லுறதை நம்பித்தான் வீட்டைப் பதியிறன். காத்துக்கு நீங்கள் பொறுப்பு."

லூபாங்

எங்கள் முதலாளி டத்தோ, ஏர்வெல் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. லூபாங் என்பார். மலாயில் ஓட்டை. அப்போது முன்பதிவு மட்டும்தான் நடந்துகொண்டிருந்தது, வரைபடத்தை மாற்ற இன்னும் நேரம் இருந்தது. லூபாங்கை அடைத்தால் ஒவ்வொரு மாடியிலும் கூடுதலாக ஒரு வீடு விற்கலாமே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மீட்டிங் போட்டார். நான் திரையில் நீல அம்புக்குறிகளையும் சிவப்பு அம்புக்குறிகளையும் ஓடவிட்டு, காற்று எப்படி வரும், எப்படிப் போகும் என்று காட்டினேன். டத்தோ கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றை நம்பி வீடு பதிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றேன். எத்தனை பேர் என்று கேட்டார். ஒருவர் என்றேன். அஸ்மான்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வாரம் முடிவு சொல்வதாக டத்தோ எழுந்து போனார், முடிவு என்னவென்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வார இறுதியில் கிள்ளானைச் சேர்ந்த ஒரு தம்பதி, வாஸ்து பார்க்கிறவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கையில் திசைகாட்டி, நெற்றியில் பட்டை. மாதிரிக் கட்டடத்தை நாலு பக்கமும் சுற்றி வந்து, நடுவில் என்ன என்று கேட்டார். வானம் வரைக்கும் திறப்பு என்றேன். மனிதர் சட்டென்று காலில் இருந்த செருப்பைக் கழற்றினார். மேசைமேல் இருந்த அட்டைக் கட்டடத்துக்கு முன்னால் கை கூப்பி, "பிரம்மஸ்தானம் திறந்து கிடக்குதுங்க! இந்தக் காலத்துல யாரு இப்படிக் கட்டுறா?" என்றார். சூசன் ஓடி வந்து பிரம்மஸ்தானம் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டார். வீட்டின் நடுப்பாகம் பிரம்மாவுக்கு உரியது, அங்கே தூணோ சுவரோ இருக்கக்கூடாது, வானம் தெரிந்தால் விசேஷம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறையைச் சொன்னேன்.

திங்கள்கிழமைக்குள் விளம்பரத் தாளில் புது வரி ஏறிவிட்டது. டத்தோ தன் பங்குக்கு ஃபெங் சுயி பார்க்கிறவரைக் கேட்டார், அவரும் நடுவில் மூச்சு விட இடம் இருப்பது நல்லதுதான் என்றார். அந்தத் தம்பதி சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்து வந்து வரிசையாகப் பதிந்தார்கள். லூபாங் பிழைத்தது. எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் மூலையில் உட்கார்ந்திருந்தேன். டத்தோ வந்து முதுகில் தட்டினார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை அப்படியே தமிழில் தருகிறேன்: "இவ்வளவு நல்ல விஷயத்தைக் கையில வெச்சுக்கிட்டு, இத்தனை நாளா ஏன் காத்து, காத்துன்னு பேசிக்கிட்டு இருந்தே?"

புகை

கட்டடம் எழுந்தது. சாவி கொடுத்தோம். நல்ல நாள் பார்த்து ஒவ்வொரு குடும்பமாகப் பால் காய்ச்சிக் குடிவந்தார்கள். மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் கணபதி ஹோமம். ஐயர் கொஞ்சம் தாராள மனசுக்காரர், நெய்யும் விறகும் குறைவில்லாமல் போட்டார். வாசல் கதவைத் திறந்து வைத்திருந்ததால் புகை முழுவதும் காரிடாருக்கு வந்து, ஏர்வெல்லுக்குள் இறங்கி, ஒரு நொடி தயங்கி, பிறகு நேர்கோடாக மேலே ஏறத் தொடங்கியது.

நான் அன்றைக்கு மழைத்தண்ணீர் தொட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். திரையில் நான் ஓடவிட்ட அம்புக்குறிகள் அத்தனையும் அன்று வெள்ளைப் புகையாக என் கண் முன்னால் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு துளிகூடத் திரும்பி எந்த வீட்டுக்குள்ளும் போனதாக எனக்குத் தெரியவில்லை. கணக்கு அப்படியே பலித்திருந்தது. கூப்பிட்டுக் காட்டப் பக்கத்தில் ஆள் இல்லாததால் கைத்தொலைபேசியை எடுத்து வீடியோ எடுத்தேன். மேல்மாடிக்காரர்கள் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி வருவதையோ, யாரோ பொம்பாவுக்கு, அதாவது தீயணைப்புப் படைக்கு, ஃபோன் போட்டதையோ நான் கவனிக்கவே இல்லை. ஒரு கையில் பூனையும் இன்னொரு கையில் லேப்டாப்புமாக மூச்சிரைக்க வந்து நின்ற ஓர் இளம்பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்: "அங்கிள், பில்டிங் எரியுதுன்னு நாங்க ஓடி வரோம், நீங்க கீழ நின்னு சிரிச்சிக்கிட்டு வீடியோ எடுக்கிறீங்களா?"

விருது

அந்த ஏர்வெல்லுக்கு ஒரு விருது கிடைத்தது. கோலாலம்பூரில் பெரிய ஹோட்டலில் விழா. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கட்டடங்களுக்கான விருதாகையால் அரங்கத்தைக் குளிரூட்டி, குளிரூட்டி, கோட்டு போட்டவர்களே கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். டத்தோவும் சூசனும் மேடையேறிக் கேடயம் வாங்கி, அப்படியே முன்வரிசை மேசையில் அமைச்சரகத்து ஆட்களோடு உட்கார்ந்துவிட்டார்கள். என் மேசையில் மற்ற நாற்காலிகளுக்கு உரியவர்கள் வரவே இல்லை. பத்துப் பேருக்கு மடித்து வைத்த நாப்கின்களை எதிரில் வைத்துக்கொண்டு நான் தனியாகச் சூப் குடித்தேன். கட்டடம் என்னுடையது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அப்போதுதான் பரிமாற வந்த தமிழ்ப் பணியாளர், காலித் தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே, என் நிலைமையைப் பார்த்து இரங்கினார்: "அண்ணே, ஸ்வெட்டர் கொண்டு வரலையா? பசுமை விருதுன்னா இங்க எப்பவும் இப்படித்தான் குளிரும்."

ஒரு கை

நிர்வாகம் முழுவதும் வீட்டுக்காரர்கள் கைக்குப் போன பிறகு, வாட்ஸ்அப் குழுவில் ஏர்வெல் அகப்பட்டுக்கொண்டது. வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிடுகிற வீட்டுக்குப் பெலாச்சான் என்கிற இறால் விழுது வறுக்கிற வாசம் போகிறது. பெலாச்சான் வீட்டுக்குச் சாம்பிராணி போகிறது. ஒருவர் வீட்டுச் சண்டை நாலு மாடிக்குக் கேட்கிறது. குழந்தை அழுகை, தொலைக்காட்சி, சமையல் மேடையில் இடிக்கிற சின்ன உலக்கை. மேலே கூரை போட்டு, ஒவ்வொரு மாடியிலும் காரிடார் பக்கம் கண்ணாடி வைத்து அடைத்துவிடலாம் என்று தீர்மானம் வந்தது. வரிசை வீட்டில் ஏர்வெல்லுக்குக் கூரை போட்டு அறையாக்கிக்கொண்டு வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லாரும். டெவலப்பர் தரப்பு விளக்கம் கொடுக்க வீட்டுக்காரர்கள் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போய் மறுபடியும் அம்புக்குறிகளை ஓடவிட்டேன். முன்வரிசையில் இருந்தவர் பண்பாகச் சொன்னார், காற்று நன்றாகத்தான் வருகிறது, ஆனால் காற்றோடு எல்லாமே வருகிறதே என்று. 

அப்போது பின்னாலிருந்து மிஸஸ் நவரத்தினம் எழுந்தார். வார்டில் பேசுகிற நிதானமான ஆங்கிலத்தில், அந்தச் சத்தம் தனக்கு வேண்டும் என்றார். எதிர்வீட்டில் கடுகு வெடிக்கிற சத்தத்தில்தான் தான் எழுந்திருப்பதாகச் சொன்னார். நாலாம் மாடிக் குழந்தை அழுதால் பசியா, பல் முளைக்கிறதா என்று படுத்தபடியே தெரியுமாம். மேல்வீட்டு மலாய்ப் பெரியவரின் இருமல் ஒரு காலை கேட்கவில்லை என்று காவலாளியை அனுப்பிப் பார்க்கச் சொன்னதும் தான்தான் என்றார். வார்டில் சத்தம் இருக்கிற வரைக்கும் நர்ஸுக்குப் பயம் இல்லை, அது நின்றால்தான் ஓட வேண்டும். சிலர் அன்பாகச் சிரித்தார்கள். தலைவர் நன்றி ஆன்டி என்று சொல்லிவிட்டு ஓட்டுக்கு விட்டார். அடைக்க வேண்டும் என்பதற்கு அறை முழுக்கக் கைகள் எழுந்தன. வேண்டாம் என்பதற்கு ஒரு கை. முழங்கை மடங்காமல், நேராக. அவர் சுற்றும் முற்றும் பார்த்தார், பார்வை என்மேல் வந்து நின்றது. எனக்கு அங்கே வீடும் இல்லை, ஓட்டும் இல்லை. என் கை மடியிலேயே கிடந்தது. மின்சாரத்தைக் கணக்குப் போட்டேன், சூட்டைக் கணக்குப் போட்டேன், ஒருவருக்கு இன்னொருவர் சத்தம் வேண்டியிருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். நான் குடியிருக்கிற ஃபிளாட்டில் பக்கத்து வீட்டில் இருப்பது யார் என்று எனக்கே இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

லிஃப்ட் வரைக்கும் கூடவே நடந்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. காரிடாரில் இறங்கிக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்தார், எதிர்வீட்டு ரேடியோவைக் கொஞ்சம் நின்று கேட்டார். லிஃப்ட் கதவு திறந்ததும் உள்ளே போய், கதவு மூடாமல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இனி ஃபேனை முழுசா வைச்சுக்கொண்டுதான் இருக்க வேணும் தம்பி. அந்த இரைச்சலிலை பெல் அடிச்சால் எனக்குக் கேக்காது. இந்தப் பக்கம் வந்தியளெண்டால், ஆள் இல்லையெண்டு திரும்பிப் போயிடாதேங்கோ, இன்னொருக்கா அடியுங்கோ."

பூமியைக் காப்பாற்ற வீடு கட்டுகிறவர்கள் என்ன செய்யலாம் என்று பேச இப்போதும் என்னைக் கூப்பிடுகிறார்கள், நானும் போய்ப் பேசுகிறேன், எல்லாரும் கை தட்டுகிறார்கள், ஆனால் ஜன்னல் வைத்த ஓர் அரங்கம்தான் இதுவரைக்கும் கிடைக்கவில்லை.